கோவலனைப் பிடிச்சிக்குப் போன பிறகு

மட்டக்களப்புப் பக்கம் புதுசா எழுத வாறவங்கட கதைகளை வாசிச்சா ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். இரவு நேரம். நாய் குரைக்குது. ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்புது. கதவைத் தட்டுறானுகள். தாய் குளறுறா. பொடியனை ஏத்திக்கொண்டு போறானுகள். அடுத்த பந்தியில் முகாம், அடி, இருட்டறை. அதற்கடுத்த பந்தியில் ஒன்றில் சாவு, இல்லாட்டி வெளிநாடு. கதைக்கு ஒரு முரண் வேணும், முரணுக்கு ஒரு கைது வேணும் என்று நாங்க எல்லாரும் எங்கேயோ பழகிட்டம்.

இந்த வாவியின் இரண்டு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், நடந்தது அதுதான். ஆகவே அதை எழுதாதீங்க என்று யாரும் சொல்ல ஏலாது. ஆனா ஒரு கேள்வி கேட்கலாம். கைது ஒரு கதைக்குள் வரும்போது மோதல் யாருக்கும் யாருக்கும் நடுவில் உண்டாகுது? பிடிக்கிறவனுக்கும் பிடிபடுறவனுக்கும் நடுவில் என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். யோசிச்சுப் பார்த்தா அங்க பெரிசா ஒன்றும் இல்லை. ஒருத்தனிடம் துவக்கு இருக்கு, மற்றவனின் கை பின்னால் கட்டியிருக்கு. அது அந்த நிமிசத்திலேயே தீர்ந்துபோற விசயம். தீராத விசயங்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. அவற்றைத் தேட இந்த மண்ணில் ஆகப் பழைய கைதுக் கதையிலிருந்து தொடங்கினால் நல்லம்.

வைகாசி மாதம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று வடக்கிலிருந்து தெற்குவரை இந்தக் கோயில்கள் இருக்கின்றன. (தம்பிலுவில்லும் காரைதீவும் இப்ப அம்பாறை மாவட்டம். 1961இல் அந்த மாவட்டம் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்புத்தான்.) வருசம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற கோயில் சில நாள் மட்டும் திறந்திருக்கும். அந்த நாட்களில் 'கண்ணகி வழக்குரை' பாடுவார்கள். கடைசியில் குளிர்த்தி, எங்கட வாயில் குளுத்தி. ஏட்டுப் பிரதிகளாக இருந்த வழக்குரையை 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதிய பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் அச்சில் கொண்டுவந்தார். ஆனா ஊருக்கு அது இன்றைக்கும் காதால் கேட்கிற கதைதான்.

அந்தக் கதையை ஒருக்கா பக்தியைக் கொஞ்சம் ஓரமா வைச்சிட்டுப் பாருங்க. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தன் தன் மனைவியின் சிலம்பை விற்கக் கடைத்தெருவுக்குப் போகிறான். அவன்மேல் களவுப்பழி விழுகிறது. விசாரணை இல்லை. கொல்லப்படுகிறான். மனைவி அரசனிடம் போய் வழக்குரைக்கிறாள். நூலின் பெயரே 'கோவலன் கதை' என்றில்லாமல் 'வழக்குரை' என்று நிற்பதைக் கவனிக்கணும். பிடிபட்டவன் செத்துப்போன பிறகுதான் அந்தப் பெயருக்குரிய கதை தொடங்குது.

இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை வாசிச்சவங்களுக்கு இன்னொன்று தெரியும். அந்தக் கைதுக் காட்சியில் ஏகப்பட்ட ஆட்கள். அரசியின் சிலம்பைத் தானே திருடிவிட்டு அந்தப் பழியை யார் தலையில் போடலாம் என்று காத்திருந்த பொற்கொல்லன். மனைவியின் ஊடலைத் தணிக்கப் போகும் அவசரத்தில், கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று வாயால் உத்தரவு போட்டுவிட்டு நடக்கும் அரசன். அதற்குப் பிறகு வாறதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம். காவலர்கள் தயங்குகிறார்கள். ஆளைப் பார்த்தால் களவெடுத்தவன் மாதிரித் தெரியல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் விடுவதில்லை. கள்வர்கள் எப்படியெல்லாம் மறைவார்கள், என்னென்ன தந்திரம் செய்வார்கள் என்று ஒரு பெரிய வகுப்பே எடுக்கிறான். ஒரு காவலன் தான் கண்ட ஒரு கள்வனைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்குகிறான். இப்படி வாதம் போய்க்கொண்டிருக்கும்போதே குடித்திருந்த ஒருத்தன் வாளை வீசிவிடுகிறான். முடிஞ்சுது.

எங்கட கதைகளில் வாற ஆமிக்காரனுக்கு இந்தத் தயக்கத்தில் ஒரு துளி கொடுத்தோமா? கொடுத்தால் அவனை நல்லவனாக்கிவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. காவலர் தயங்கினதால் கோவலன் தப்பவில்லை. தயங்கினவர்களும் சேர்ந்துதான் அந்தக் கொலையைச் செய்தார்கள். தயங்காத மிருகம் ஒன்று வந்து கொன்றதைவிட இதுதான் பயங்கரமா இருக்கு.

செய்தி வாற விதத்தையும் பாருங்க. ஊருக்குள் போய் வந்த ஒருத்தி கண்ணகி முன்னால் வாய் திறக்காமல் நிற்கிறாள். ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று கண்ணகிதான் கேட்டுக் கேட்டு வாங்குகிறாள். பிடிச்சிக்குப் போன வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது சொல்லாமல் நிற்கிற ஒரு ஆள்தான். மறுகாதான் செய்தி.

இந்த இடத்தில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கணும். 'கைது' என்பது அரபு, உருது வழியா வந்த சொல்; பத்திரிகையும் பொலிஸும் பாவிக்கும். ஊரில் 'பிடிச்சிக்குப் போய்ட்டானுகள்' என்பார்கள். சிறைக்கு 'மறியல்' என்பார்கள். நீதிமன்றத் தமிழிலும் அது 'விளக்கமறியல்' என்று உட்கார்ந்திருக்கு. கண்ணகி வழக்குரையில் ஒரு பகுதிக்கு 'பொன்னுக்கு மறிப்புக் காதை' என்றே பெயர். பொன்னுக்காக ஒருத்தனைப் போகவிடாமல் மறித்து வைக்கிறது. மறிப்பும் மறியலும் ஒரே வேரில் வந்தவை. ஆக, கோவலன் மதுரைக்குப் போகும் முன்பே ஒருமுறை மறிபட்டவன். 'கைது' என்று எழுதினால் அது ஒரு நிமிச நிகழ்ச்சி மாதிரித் தெரியும். 'மறியல்' என்று எழுதினால் அது நீளமா ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காலம்.

அந்தக் காலத்தை எவ்வளவுக்கு நீட்டலாம் என்று சட்டமே சொல்லுது. 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் முதலில் மூன்று வருசத்துக்கென்று கொண்டுவரப்பட்டது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன்படி பிடியாணை இல்லாமல் பிடிக்கலாம். 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அமைச்சர் ஒரு தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம். அதை நீட்டி நீட்டி 18 மாதம் வரைக்கும் போகலாம். (2022 திருத்தத்தில் இது 12 மாதமாகக் குறைந்தது.) உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒரு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகும். அடிச்சு வாங்கினது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடிவாங்கினவன். இன்னொரு பிரிவு இருக்கு, 5ஆம் பிரிவு. ஒருத்தன் குற்றம் செய்தான் என்றோ எங்க இருக்கிறான் என்றோ தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் இருந்தால் ஏழு வருசம் வரை மறியல்.

கதை எழுதுறவங்க இந்த 5ஆம் பிரிவை இரண்டு தரம் வாசிக்கணும். அண்ணன் பின்வளவில் ஒளிஞ்சிருக்கிறான், தங்கச்சிக்குத் தெரியும். அவ பேசாம இருந்தாலே அது குற்றம். இந்த வீட்டுக்குள் ஜீப் வரவே தேவையில்லை. சோறு போடும்போது தட்டு ஒன்று கூடுதலா எடுக்கிறதிலேயே மோதல் தொடங்கிடும். காஃப்காவின் 'விசாரணை'யில் யோசெஃப் கே. தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைதாகிறான். அதற்குப் பிறகும் வங்கிக்கு வேலைக்குப் போகிறான், வருகிறான். முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவுதான் அவனைக் கொல்கிறார்கள். அந்த ஒரு வருசம்தான் நாவல். பிராக் நகரத்தில் இருந்து எழுதின அந்த மனிசனுக்கு எங்கட 18 மாதம் நல்லா விளங்கியிருக்கும்.

சரி, 1990க்கு வருவம். அதைத் தாண்டி இந்தப் பகுதியில் கைதைப் பற்றி எழுத ஏலாது.

அந்த வருசம் யூனில் போர் திரும்பத் தொடங்கினதும் வந்தாறுமூலையில் இருந்த கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமானது. சுற்றியிருந்த ஊர்களின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் விரிவுரை மண்டபங்களிலும் மரங்களுக்குக் கீழும் இருந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து சுற்றிவளைத்தது. ஆட்களை வயதுப்படி வரிசையாக்கி, முகம் மூடிய ஆட்களின் முன்னால் நடக்கவிட்டார்கள். 158 பேர் தனியாக்கப்பட்டு பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள். அதே மாதம் 23ஆம் திகதி திரும்ப வந்து இன்னும் 16 பேரைக் கொண்டுபோனார்கள். இடையில் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களில் இருந்தவர்களை விசாரணைக்கென்று கூப்பிட்டு இராணுவ முகாமுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள் உட்பட. கொல்லப்பட்டவர்கள் 184 பேர் என்பது பின்னர் விசாரணை ஆணைக்குழுவில் பதிவான எண்ணிக்கை. உயிரோடு தப்பி வந்தது ஒருத்தர்.

வந்தாறுமூலை 158 பேரைப் பற்றி முகாமைப் பொறுப்பாகப் பார்த்தவர்களும் குடும்பங்களும் சமாதானக் குழுவும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொழும்பிலிருந்து கிடைத்த அதிகாரபூர்வமான பதில், பிடித்தது 32 பேரை, விசாரித்துவிட்டு எல்லாரையும் விட்டாச்சு என்பது. 158, 32. மிச்சம் 126 பேர் பிடிபடவே இல்லை என்று காகிதம் சொல்லுது. 32 பேரும் வீட்டுக்குப் போய்ட்டார்கள் என்று அதே காகிதம் சொல்லுது. வீட்டில் ஆள் இல்லை.

முரண் என்றால் இதுதான். ஒரு தாய் தன் மகனைப் பிடிச்சிக்குப் போனதைக் கண்ணால் கண்டவ. இப்ப அவ முதலில் நிரூபிக்க வேண்டியது மகன் குற்றமற்றவன் என்பதை அல்ல, மகன் பிடிபட்டான் என்பதை. கண்ணகியிடம் சிலம்பு இருந்தது. உடைச்சாள், மாணிக்கம் தெறிச்சது, அரசியின் சிலம்பில் முத்துத்தான் என்று தெரிஞ்சதும் அரசன் விழுந்தான். வந்தாறுமூலைத் தாயிடம் உடைச்சுக் காட்ட என்ன இருக்கு? பிடித்ததற்கு ஒரு துண்டு கூட எழுதிக் கொடுக்கவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் வந்து, பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேணும் என்று எழுதப்பட்டது 1996இல்.

அந்த வரிசைகளையும் யோசிச்சுப் பாருங்க. வயதுப்படி பிரிக்கிறான் என்றதும் ஒரு குடும்பம் எத்தனை முடிவுகளை எத்தனை நிமிசத்தில் எடுத்திருக்கும்? சின்ன முகமுள்ளவனைக் கூடுதலா வயது சொல்லிப் பெரியவங்களோட நிற்கவிடுவதா, குறைச்சுச் சொல்லுவதா? எந்த வரிசை நல்ல வரிசை என்று அப்ப யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு முப்பது வருசம் 'நான் அவனை அந்தப் பக்கம் போகச் சொன்னேன்' என்ற ஒரு வசனத்தோட ஒருத்தர் வாழவேண்டியிருக்கும். இதை யாராவது எழுதினால் அதில் அடி, இருட்டறை ஒன்றும் வேண்டாம்.

தமிழ்ப் படங்களில் இரண்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெற்றிமாறனின் 'விசாரணை' (2015), மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை எடுத்துச் செய்தது. அது பிடிபட்டவர்களோட உள்ளுக்குப் போய் அங்கேயே நிற்கும். 'ஜெய் பீம்' (2021) வெளியில் நின்று தேடும் மனைவியோட நிற்கும், 1993இல் நடந்த ஒரு உண்மை வழக்கை வைத்து. எனக்கு இரண்டாவதுதான் எங்கட பக்கத்துக் கதைக்குக் கிட்ட. ஆனா பாதியில் கதையை வக்கீல் வாங்கிக்கொண்டு போயிடுவார். செங்கேணி அவருக்குப் பின்னால் நடப்பா. ஆட்கொணர்வு மனு போட்டால் நீதிபதி கேட்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிற படம் அது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் செங்கேணி என்ன செய்வா என்பது இன்னும் எடுக்கப்படாத படம்.

இனி முகமூடி. தலையாட்டி என்ற சொல்லை எங்கட அம்மா அப்பாமார் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆட்கள் வரிசையாக முன்னால் போவார்கள். அவன் தலையை ஆட்டினால் நீங்க அந்தப் பக்கம். எங்கட கதைகளில் இவன் எப்பவும் வில்லன், சம்பளம் வாங்கிக் காட்டிக்கொடுத்தவன். பொற்கொல்லன் மாதிரி. ஆனா பல நேரம் சாக்குக்குள் இருந்தது போன கிழமை பிடிபட்ட ஒருத்தன். யாரையாவது காட்டாட்டி அடி அவனுக்கு. அவனுக்கு ஊர் ஆட்களைத் தெரியும். ஊருக்கும் அவனைத் தெரியும், காலைப் பார்த்து, நிற்கிற விதத்தைப் பார்த்து. விடுபட்டு வந்தால் அவன் அதே ஊரில்தான் கிணற்றில் தண்ணி அள்ளவேணும்.

இதை ஒரு நாவல் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனவர் ஷோபாசக்தி. 2004இல் வந்த 'ம்' நாவலின் நேசகுமாரன் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிப் பொடியன். பிடிபடுகிறான். சித்திரவதையில் உடைந்து பெயர்களைச் சொல்கிறான். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இருக்கிறான். நாவலுக்கு வெளியிலும் அது நடந்தது. யூலை 25ஆம் திகதி 35 பேரும் 27ஆம் திகதி 18 பேரும் அங்கு கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். செப்டெம்பர் 23ஆம் திகதி இரவு அந்தச் சிறை உடைக்கப்பட்டது. நேசகுமாரனும் வெளியில் வருகிறான். அதற்குப் பிறகுதான் அவனுடைய உண்மையான மறியல் தொடங்குது. வெளியில் வந்தவனிடம் சொந்த ஆட்களே கணக்குக் கேட்கிறார்கள். 2010இல் ஆங்கிலத்துக்குப் போனபோது நாவலுக்கு 'துரோகி' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். எனக்கு அது குறைவாத் தெரியுது. 'ம்' என்பது கதை கேட்கிறவன் போடும் சத்தமும்தான், தலையாட்டுறவன் போடக்கூடிய சத்தமும்தான். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் அந்த ஒரு எழுத்துக்குள் மாட்டிக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பில் அது நேசகுமாரன் ஒருத்தனின் குற்றமாகச் சுருங்கிட்டுது.

மட்டக்களப்புச் சிறையுடைப்பை ஊரில் சாகசமாத்தான் சொல்லுவார்கள். திட்டம், சாவி, மதில், வாவி, காடு, தோணி. சொல்லவும் நல்லா இருக்கும். ஆனா அந்த இரவில் எல்லாரும் வெளியில் போகவில்லை. 1982 நவம்பரில் கணவர் மு. நித்தியானந்தனோட பிடிபட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் நிர்மலா, பெண்கள் பகுதியில் தனியா அடைக்கப்பட்டிருந்தார். நித்தியானந்தன் தப்பினார், நிர்மலா உள்ளுக்கே இருந்தார். 1984 யூனில் புலிகள் வந்துதான் அவரை வெளியில் எடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒன்பது மாதம். காலி அறைகளுள்ள ஒரு சிறையில், எல்லாரும் போன பிறகு, ஒரு பெண். சிறையுடைப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க. என்ட கண்ணுக்கு அந்தச் சம்பவத்தில் புனைகதைக்கு ஏற்ற காலம் அந்த ஒன்பது மாதம்தான்.

இனிச் சொல்லப்போறது சிலருக்குப் பிடிக்காது. 'பிடிச்சிக்குப் போய்ட்டானுகள்' என்ற வசனத்தில் எழுவாய் இல்லை. யார் என்று சொல்லாமலே சொல்லலாம். ஊர் அப்படிச் சொல்லப் பழகினதுக்குக் காரணம் இருக்கு. பிடிச்சது இராணுவம் மட்டும் இல்லை. 1990 யூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொண்டுபோனார்கள், பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. அவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். யூலை 12ஆம் திகதி குருக்கள்மடத்தில் வீதியில் வந்த முஸ்லிம்களை மறித்துக் கொண்டுபோனார்கள், அவர்களும் திரும்பவில்லை. காத்தான்குடியில் அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பிறகு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வந்த காலம். 2004 பிளவுக்குப் பிறகு எந்தப் பக்கத்து ஆட்கள் வந்து பிடிச்சது என்றே தெரியாத காலம். வெள்ளை வான். எல்லாத்துக்கும் அதே வினைச்சொல்தான்.

நாங்க எழுதும் கதைகளில் இந்த வினைச்சொல்லுக்கு எப்பவும் ஒரே எழுவாய்தான் வருது. வாவிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் தாய்மார் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஒரு தமிழ்த் தாயும் ஒரு முஸ்லிம் தாயும் ஒரே கச்சேரி வாங்கில், ஒரே அலுவலுக்கு, பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருத்தருக்கொருத்தர் என்ன கதைச்சிருப்பார்கள், எதைக் கதைக்காமல் விட்டிருப்பார்கள்? அந்த வாங்கை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்க, வாசிக்கக் காத்திருக்கிறன். 2019இல் வந்த ஷோபாசக்தியின் 'இச்சா' கிழக்கிலிருந்து போன ஆலா என்ற பெண்போராளியைச் சிறைக்குள் வைத்து, அவள் அங்க வந்து சேர்ந்த வழியை ஊர், இயக்கம், அரசு என்று ஒருவரையும் விடாமல் திரும்பிப் பார்க்குது. அதன் எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனா ஆலாவைப் பிடித்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்த நாவல் அது.

எழுத்தே ஆளைப் பிடிச்சுக்கொடுத்த நாடு இது என்பதையும் மறக்க ஏலாது. ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச் 7ஆம் திகதி கைதானார். வழக்கில் வந்த எழுத்துகளில் ஒன்று வாகரை மக்களின் நிலையைப் பற்றியது, எங்கட மாவட்டத்து வாகரை. 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருசக் கடூழியச் சிறை. அடுத்த வருசம் மன்னிப்பு. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நாலு மாதம் உள்ளே இருந்தார். 2020 மே மாதம் 'நவரசம்' கவிதைத் தொகுப்பின் அஹ்னாப் ஜசீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். 2021 டிசெம்பரில் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. 2021 மே 18ஆம் திகதி கிரான் கடற்கரையில் விளக்கேற்றின பத்துப்பேர் அந்த வருசம் டிசெம்பர் வரைக்கும் உள்ளே.

ஆகவே எங்கட கதைகளில் ஊர்ப்பெயர் இல்லாமல், திகதி இல்லாமல், 'அந்த நகரம்', 'அந்த முகாம்', 'அவர்கள்' என்று மட்டும் வருவது ஏன் என்று எனக்கு விளங்குது. பயத்தில் தொடங்கின பழக்கம் அது. இப்ப சிலர் அதை ஒரு அழகாகவும் வைச்சிருக்காங்க. பெயர் போட ஏலாட்டி விடுங்க. ஆனா மற்றச் சின்ன விசயங்கள் மழுங்கிப் போகவிடாதீங்க. எத்தனை மணிக்கு வந்தது, எந்த பஸ், அன்றைக்கு அவன் போட்டிருந்த சேட் யாருடையது, ஐடென்டி காட் யாரிட்ட இருந்தது. சிலம்பில் இருந்தது முத்தா மாணிக்கமா என்ற மட்டத்தில் ஒரு விவரம்தான் மதுரையில் வழக்கைத் தீர்த்தது.

அந்த விவரங்கள் எங்க இருக்கு என்று தேடவும் தேவையில்லை. 1990இல் ஆளைத் தொலைத்த வீடுகளில் ஒரு பைல் இருக்கும், இல்லாட்டி ஒரு சொப்பிங் பை. கிராம சேவகரின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்ததின் பிரதி, பாடசாலை அடையாள அட்டைப் படம். 1994இல் அமைத்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு மட்டக்களப்புக்கு வந்தபோது கொடுத்தது. 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் வேலை தொடங்கின பிறகு கொடுத்தது. ஒவ்வொரு தரமும் ஒரு படிவம், அதே கேள்விகள்: பெயர், கடைசியாகக் கண்ட இடம், கொண்டுபோனது யார். ஒவ்வொரு தரமும் அதே தாய், கொஞ்சம் கூட வயது போய், பதில் எழுத வேறொரு பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறா. பெயரும் இடமும் எழுதியாச்சு. வயது என்ற இடத்தில் பேரப்பிள்ளை பேனையை வைச்சுக்கொண்டு கேட்கும்: 'அம்மம்மா, மாமாக்கு 19 என்று போடுறதா, 47 என்று போடுறதா?'